அண்ணனுக்குப் புத்தகம் போயிடுச்சு மக்களே! ஞான் போஸ்ட், 20 ரூபாய்

வணக்கம் மக்களே. முதலில் இந்த ரசீதைக் காட்டிவிடுகிறேன். கேமரா ஃபோகஸ் ஆகட்டும்... ஆங், இதோ. ஞான் போஸ்ட், புத்தகம் அனுப்பத் தபால் துறையின் சேவை. 300 கிராம் வரைக்கும் 20 ரூபாய், வரி தனி. அண்ணனுக்குப் புத்தகம் போய்விட்டது!

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் சொல்கிறேன். அண்ணன் என்றால் எங்கள் தெருவில் வளர்ந்தவர். ஆயுள் தண்டனைக் கைதி, தமிழ்நாட்டில் ஒரு மத்திய சிறையில் இருக்கிறார். எந்தச் சிறை, என்ன பெயர், என்ன வழக்கு என்று எந்த வீடியோவிலும் சொன்னதில்லை, இதிலும் சொல்ல மாட்டேன். அவருடைய அம்மா இருந்தவரை அம்மாதான் மனு பார்க்க, அதாவது சிறைக்குப் போய் அவரை நேரில் பார்க்கப் போவார். அம்மா போன பிறகு கடிதம் என்று போவது எங்கள் வீட்டிலிருந்துதான்.

சரி, தபால் கதைக்கு வருகிறேன். முன்பு பதிவுப் புத்தகத் தபால் இருந்தது, குறைந்த காசில் புத்தகம் போகும். 2024 டிசம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். அப்போது நான் எவ்வளவு கொதித்தேன் என்று அந்த வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும். பிறகு 2025 மே 1-ஆம் தேதி ஞான் போஸ்ட் என்று புதிதாகக் கொண்டுவந்தார்கள். 5 கிலோ வரைக்கும் 100 ரூபாய்தான். தரைவழியாகப் போவதால் மெதுவாகத்தான் போகும், ஆனால் எங்கே இருக்கிறது என்று டிராக் பண்ணிப் பார்க்கலாம்.

நான் போன தபால் நிலையத்தில் கவுன்டரில் இருந்தவர், "அப்படி ஒண்ணும் இல்லைம்மா, பார்சல்ல போடுங்க" என்றார். நான் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் உள்ளே முத்திரை குத்திக்கொண்டிருந்த ஒரு தம்பி எழுந்து வந்து, கம்ப்யூட்டரில் அந்த இடத்தைத் திறந்து காட்டினார். அந்தத் தம்பி நல்லா இருக்கணும்! தராசில் வைத்தால் 312 கிராம். புத்தகம் மடங்கக் கூடாது என்று நான் இரண்டு பக்கமும் காலண்டர் அட்டை வைத்திருந்தேன். அங்கேயே பிரித்து, அட்டையை உருவி, மறுபடி ஒட்டினோம். 288! அந்த நம்பர் வந்ததும் எனக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, சொல்லி முடியாது.

என்ன புத்தகம் என்று சொல்லவே இல்லையே. மோட்டார் காயில் கட்டுவது பற்றிய புத்தகம், தமிழில். ஃபேன், தண்ணீர் மோட்டார் இதற்கெல்லாம் எத்தனை சுற்று, என்ன கம்பி என்று படம் போட்டு இருக்கிறது. அண்ணன் போன கடிதத்திலேயே கேட்டிருந்தார். பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. கவுன்டரில் முதல் பக்கத்தைத் திருப்பி அச்சகத்தின் பெயரோ பதிப்பகத்தின் பெயரோ அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தார்கள். அது இருந்தால்தான் ஞான் போஸ்ட்டில் எடுப்பார்கள். இன்னொன்று, உள்ளே கடிதம் வைக்கக் கூடாது, ஒரு துண்டுச் சீட்டுகூடக் கூடாது. அதனால் கடிதத்தைத் தனியாக இன்லேண்டில் எழுதிப் போட்டேன்.

போன வீடியோவுக்கு வந்த கேள்விகளில் பாதி, என்ன எழுதுவது என்பதுதான். மக்களே, டீ விலை எழுதுங்கள். உண்மையாகச் சொல்கிறேன். முக்குக் கடையில் டீ 15 ரூபாய் ஆகிவிட்டது என்று ஒரு வரி எழுதினேன். அவர் உள்ளே போனபோது அது 3 ரூபாய். அந்த ஒரு வரிக்கு அண்ணன் இரண்டு பக்கம் பதில் எழுதியிருந்தார். கடை இன்னும் அதே இடத்தில்தானா, மாஸ்டர் யார், பெஞ்சு வெளியே கிடக்கிறதா, வடை எவ்வளவு என்று ஒரே கேள்வி. அறிவுரை எழுதினால் அதற்கு என்ன பதில் எழுத முடியும்? எனக்குச் சுத்தமாகப் பிடிக்காதது அதுதான். "மனசைத் தளர விடாதீங்க, எல்லாம் நன்மைக்கே" என்று எழுதுவதற்கு ஒரு இன்லேண்ட் லெட்டரை வீணாக்க வேண்டாம்.

ஒரு நிமிஷம், முகவரி பற்றிச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். பெயருக்குப் பக்கத்தில் கைதி நம்பர் கட்டாயம் எழுதுங்கள். ஒரே பெயரில் உள்ளே எத்தனையோ பேர் இருப்பார்கள். கடிதத்தை அதிகாரிகள் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். அங்கிருந்து நமக்கு வருவதிலும் ஓரத்தில் சிறை முத்திரை, அதன் கீழே ஒரு சின்னக் கையெழுத்து இருக்கும். வழக்கு விஷயத்தை வக்கீல் பார்த்துக்கொள்ளட்டும், நீங்கள் கடிதத்தில் எழுத வேண்டாம்.

செப்டம்பர் நெருங்கும்போது இன்னும் கவனமாக எழுதுங்கள். அறிஞர் அண்ணா பிறந்தநாளுக்கு விடுதலை வரும் என்று உள்ளே பேச்சு கிளம்பிவிடும். வந்தும் இருக்கிறது. 2008-இல் 1,405 ஆயுள் கைதிகளை விட்டார்கள். 2021-இல் 700 பேர் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஆனால் அரசாணையில் யார் வருவார்கள், எந்தப் பிரிவுக்காரர்களுக்குக் கிடையாது என்பது பட்டியல் வந்தால்தான் தெரியும். தயவுசெய்து "இந்தத் தடவை நீங்க கண்டிப்பா வந்துடுவீங்க" என்று எழுதாதீர்கள். ஆசை காட்டிவிட்டு நாம் தூங்கிவிடுவோம், அந்த ஆசையோடு லாக்கப்பில் கிடப்பது அவர்கள்.

அடுத்து, வீடியோ போட்டாலே வந்து விழும் கமென்ட். "ஆயுள்னா 14 வருஷம்தானே, அப்புறம் வெளியே வந்துடுவாங்களே, எதுக்கு இவ்வளவு பரிதாபம்?" இல்லை மக்களே. ஆயுள் தண்டனை என்றால் ஆயுள் முழுக்கத்தான். காந்தி கொலையில் ஆயுள் பெற்ற கோபால் கோட்சேயின் வழக்கில் 1961-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த 14 எங்கிருந்து வந்தது என்றால், 1978-இல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 433ஏ என்று ஒரு பிரிவு சேர்த்தார்கள். மரண தண்டனையும் விதிக்கக்கூடிய குற்றத்துக்கு ஆயுள் பெற்றவரை 14 வருஷம் முடியாமல் அந்தச் சட்டப்படி விடக் கூடாது என்பதுதான் அது. முடிந்தால் விட்டே ஆக வேண்டும் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. இப்போதைய புதிய சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. பேரறிவாளனை 1991-இல் பிடித்தபோது 19 வயது. 2022 மே 18-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் விடுவித்தது. அற்புதம்மாள் அந்த 31 வருஷமும் நடந்த நடை தமிழ்நாட்டுக்கே தெரியும். எல்லாக் கைதிக்கும் அப்படி ஓர் அம்மா கடைசி வரை இருப்பதில்லை.

"செத்தவன் குடும்பத்தை நினைச்சுப் பார்த்தியா" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நினைக்கிறேன் ஐயா. அவர்களுக்கு அண்ணன் மேல் உள்ள கோபத்தில் ஒரு துளியையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். கோர்ட் தண்டனை கொடுத்தது, அதை அவர் அனுபவிக்கிறார். அவரோடு யாரும் பேசக் கூடாது என்று எந்தத் தீர்ப்பிலும் எழுதவில்லை.

கடிதத்தால் என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, பக்கத்தில் இருந்த இன்னொரு கைதியை ஒரு வார்டர் சித்திரவதை செய்ததை உச்ச நீதிமன்ற நீதிபதிக்குக் கடிதமாக எழுதினார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். 1979 டிசம்பரில் நீதிபதி கிருஷ்ண ஐயர் எழுதிய தீர்ப்பில், குடும்பமும் நண்பர்களும் வந்து பார்ப்பது கைதிக்கு ஆறுதல், மனிதத்தன்மை இல்லாத அமைப்புதான் அதைப் பறிக்கும் என்று இருக்கிறது. நண்பர்களும் என்று எழுதியிருக்கிறார் பாருங்கள். ரத்த உறவுதான் வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

கடைசியாக, பலர் கேட்ட பரோல் விஷயம். 1982-ஆம் ஆண்டு தண்டனை நிறுத்த விதிகள்படி இரண்டு வகை விடுப்பு உண்டு. சாவு, கல்யாணம் மாதிரி அவசரத்துக்கு ஒன்று. வீடு பழுது பார்க்க, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, நிலம் உழவு பார்க்க என்று சாதாரண விடுப்பு ஒன்று. அண்ணன் இரண்டாவதற்குத்தான் மனு போட்டிருக்கிறார். அம்மா வீட்டு ஓடு சரிந்து கிடக்கிறது, மழைக்கு முன்னால் மாற்ற வேண்டும். நன்னடத்தை அலுவலர் விசாரிப்பார், போலீஸிலும் அறிக்கை கேட்பார்கள். எங்கே தங்குவார், யார் பொறுப்பு என்பதுதான் முதல் கேள்வி. அந்த இடத்தில் எழுத ஒரு கதவு எண் இல்லாமல் எத்தனையோ பேருக்கு விடுப்பு அப்படியே நின்றுபோகிறது. கடிதம், புத்தகம், கேன்டீன் செலவுக்குப் பணம் எல்லாவற்றையும்விட, தங்க ஒரு முகவரி கொடுப்பதுதான் பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன்.

எங்கள் வீட்டு முகவரியைக் கொடுத்திருக்கிறோம். எங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டார். எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கு மட்டும் இதில் விருப்பம் இல்லை. நாளைக்கு விசாரிக்க வருகிறார்கள். இன்றைக்குச் சாயங்காலமே நான் போய்ப் பெரியம்மாவிடம் பேசப் போகிறேன், கேமரா இல்லாமல். வரட்டுமா மக்களே.