கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கை மண்

வணக்கமுங்க. பின்னால் தறிச் சத்தமே இல்லையே என்று கேட்பீர்கள். இன்று எங்கள் ஊரில் பராமரிப்பு வேலை, காலையிலிருந்து கரண்ட் இல்லை. சோமனூர்ப் பக்கம் தறிகுடோனுக்குள் உட்கார்ந்து இப்படி மெதுவாகப் பேச முடிவது இந்த மாதிரி நாளில்தான்.

தறி நின்றதால் அம்மாவும் நானும் சிவன்மலைக்குப் போய்விட்டு வந்தோம். காங்கேயம் பக்கத்தில் இருக்கிற முருகன் மலை. அருணகிரிநாதர் பட்டாலியூர் என்று பாடியது இந்த ஊரைத்தான். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கிறது. ஆண்டவன் உத்தரவுப் பெட்டி. யாராவது ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து, இன்ன பொருளை வை என்று சொல்வாராம். அவர் கோவிலில் வந்து சொன்னால் சாமியிடம் பூப்போட்டுக் கேட்பார்கள். வெள்ளைப் பூ வந்தால் உத்தரவு ஆகிவிட்டது. அடுத்த கனவு இன்னொருவருக்கு வரும்வரை அந்தப் பொருளுக்குத்தான் பூஜை.

அப்படி என்னென்ன வந்திருக்கிறது தெரியுமா? மண், தண்ணீர், இளநீர், மஞ்சள், சைக்கிள், இரும்புச் சங்கிலி. தண்ணீர் வைத்த பிறகுதான் 2004இல் சுனாமி வந்தது என்பார்கள். பெட்டிக்குள் வந்த பொருளுக்கு விலை ஏறுமா இறங்குமா என்று பார்க்கிறவர்களும் உண்டு. என் மனம் அந்தப் பக்கம் போவதில்லை. மண் வைத்திருந்தபோது நான் அதற்கு முன்னால் நின்றிருக்கிறேன். ஒரு கை மண், அவ்வளவுதான். எங்கள் விவசாயக் காட்டில் இருக்கிற அதே செம்மண் நிறம். காடு முழுக்க மிதித்து நடந்தவர்கள் எல்லாரும் அங்கே கைகூப்பி நின்றார்கள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

உள்ளே நான் போனை எடுக்கவில்லை. அதனால் இன்று என்ன வைத்திருந்தார்கள் என்று காட்ட முடியாது. நேரில் போய்ப் பாருங்கள்.

அப்புறம், வீட்டுக்கு வந்ததும் அம்மா பாவு பிணைக்க உட்கார்ந்துவிட்டார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூல். கரண்ட் இல்லாத நேரத்தை வீணாக்க மாட்டார். பழைய பாவின் இழை ஒன்று, புதுப் பாவின் இழை ஒன்று, இரண்டையும் விரல் நுனியில் சேர்த்து ஒரு திருகு. ஆயிரக்கணக்கான இழை, ஒன்று விட்டாலும் துணியில் கோடு தெரியும். அந்த விரல்களில் ரேகை தேய்ந்துபோய்விட்டது. தொடங்குமுன் கொஞ்சம் விபூதி எடுத்துத் தறியில் பூசினார், மிச்சத்தை அவர் நெற்றியில் இட்டுக்கொண்டார். குறுக்கே ஓடுகிற ஊடை நூலைச் சுற்றுகிற தார்க்குச்சி ஒன்று கீழே கிடந்து காலில் பட்டது. குனிந்து எடுத்து, கண்ணில் ஒற்றி, பெட்டியில் போட்டார். இருபது வருடமாகப் பார்க்கிறேன், இன்றைக்குத்தான் அந்தக் கண்ணாடிப் பெட்டியும் இந்தத் தார்ப் பெட்டியும் எனக்குப் பக்கத்தில் பக்கத்தில் தெரிந்தன.

எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர், பிள்ளைகளைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். ‘வா சாமி, ஒரு வாய் சாப்பிட்டுப் போ.’ தார் சுற்ற வருகிற பையனுக்கும் அதே சொல்தான், ‘தண்ணி வேணுமா சாமி?’ மலைமேல் இருப்பவருக்கும் அதே பெயர். இது எப்படி என்று சின்ன வயதில் ஒருநாளும் எனக்குக் குழப்பம் வந்ததில்லை. கொங்கு நாட்டில் பிறந்த உங்களுக்கும் வந்திருக்காது.

சரி, லைட் எரிகிறது, கரண்ட் வந்துவிட்டது. தறி ஓடினால் நான் பேசுவது கேட்காது. கேமராவை அந்தப் பக்கம் திருப்புகிறேன். அம்மா எழுந்து வருகிறார் பாருங்கள். சுவிட்சுக்கு முன்னால் அவர் கை எங்கே போகிறது என்று பாருங்கள்.