படுத்துவிட்ட கார்

நேயர்களுக்கு வணக்கம்.

இரவு நிமிர்ந்து நின்ற கார் காலையில் ஒரு பக்கம் தரையோடு தரையாகக் கிடக்கும். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல்கூட நுழையாது. பழைய பென்ஸ், ஆடி அல்லது ரேஞ்ச் ரோவர் வாங்கிய பலருக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். இந்தக் கார்கள் பலவற்றில் சக்கரத்தின் மேல் பாடியைத் தாங்குவது காற்று ஸ்பிரிங், அதாவது ஏர் சஸ்பென்ஷன்; காற்று கசிந்தால் கார் படுத்துவிடும். பட்டறையில் இரண்டு யோசனை சொல்வார்கள். காற்று ஸ்பிரிங்கையே புதிதாகப் போடலாம் என்பது ஒன்று. “எல்லாத்தையும் கழட்டிட்டு சாதாரண ஸ்பிரிங் மாட்டிடலாம் சார், தலைவலி விட்டுது” என்பது இன்னொன்று. கேட்பவருக்கு இரண்டாவதுதான் இனிக்கும். முதலாவதன் விலை அப்படி. பெரிய காரின் முன்பக்க ஸ்ட்ரட் ஒன்று, அதாவது காற்று ஸ்பிரிங்கும் குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண், புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தொடும், தாண்டவும் செய்யும். ஒன்றை மறந்துவிடுகிறோம்: செகண்ட் ஹேண்டில் காரின் விலைதான் இறங்கும், அதன் உதிரிபாகங்களின் விலை இறங்காது.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். கம்பிச் சுருளுக்குப் பதில் ரப்பரால் ஆன காற்றுப் பை. அதை பெல்லோஸ் என்கிறோம். காற்றை அழுத்த ஒரு கம்ப்ரஸர், எந்தச் சக்கரத்துக்குக் காற்று போக வேண்டும் என்று திறந்து மூடும் வால்வு பிளாக், உயரத்தை அளக்கும் சென்சார்கள், இவற்றையெல்லாம் ஆட்டுவிக்கும் கம்ப்யூட்டர். பின்சீட்டில் மூன்று பேர் ஏறி, டிக்கியில் பெட்டிகளை அடைத்தாலும் கம்ப்யூட்டர் காற்றை ஏற்றிப் பழைய உயரத்துக்கே கொண்டுவந்துவிடும். எடை கூடும்போது ஸ்பிரிங்கின் விறைப்பும் கூடுகிறது. அதனால் காலியாகப் போனாலும் நிறைய ஆளோடு போனாலும் அலுங்கல் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். எஃகுச் சுருளுக்கு இந்த வித்தை தெரியாது.

இது இன்று நேற்று வந்த சண்டை இல்லை. 1957-இல் அமெரிக்காவில் காடிலாக் எல்டொராடோ ப்ரௌம் என்ற கார் வந்தது. விலை 13,074 டாலர். இரண்டு ஆண்டுகளில் செய்தது மொத்தம் 704 கார்கள்தான். நான்கு சக்கரத்துக்கும் காற்று ஸ்பிரிங். கசிந்து கசிந்து உரிமையாளர்கள் நொந்துபோனார்கள், பல கார்களில் காற்றை எடுத்துவிட்டுச் சுருள் ஸ்பிரிங் மாட்டப்பட்டது. ஜெர்மனியில் பென்ஸ் நிறுவனம் 1961-இல் 300 எஸ்இ காரில் காற்று ஸ்பிரிங்கைக் கொண்டுவந்தது, பிறகு கைவிட்டது, 1998-இல் வந்த எஸ் கிளாஸில், அதாவது டபிள்யூ220 என்ற குறியீடு கொண்ட மாடலில், ‘ஏர்மேட்டிக்’ என்ற பெயரில் திரும்பக் கொண்டுவந்தது. இன்று நம் பட்டறைகளில் படுத்துக்கிடக்கும் பென்ஸ் கார்களின் மூதாதை அதுதான்.

சரி, எதைச் செய்வது? என் பதில் கொஞ்சம் எரிச்சலூட்டலாம். காற்று எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கும்வரை எதையும் செய்யாதீர்கள்.

பெரும்பாலான கதை இப்படித்தான் போகும். பெல்லோஸின் மடிப்பில் ரப்பர் வெடிப்பு விட்டு மெதுவாகக் கசிகிறது. நம் ஊர் வெயில் வேறு ரப்பரைச் சும்மா விடாது. கசிவை ஈடுகட்டக் கம்ப்ரஸர் அடிக்கடி ஓடுகிறது. அது தொடர்ந்து ஓடுவதற்குச் செய்த பொருள் அல்ல, சூடாகிறது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்ச அதற்குள் இருக்கும் மணிகள் நனைந்து பொடியாகின்றன. அந்தப் பொடியும் ஈரமும் வால்வு பிளாக்குக்குள் போய் அடைக்கின்றன. கடைசியில் ஒருநாள் கம்ப்ரஸர் நின்றுபோகிறது. ஸ்கேனரைப் போட்டால் கம்ப்ரஸர் கோளாறு என்று காட்டும். புதிது மாட்டுவார்கள். கார் எழுந்து நிற்கும், பில்லும் வந்துவிடும். ஆனால் கசிவு இருந்த இடத்தில் அப்படியே இருக்கிறது. சில மாதங்களில் புதிய கம்ப்ரஸரும் போகும். “ஏர் சஸ்பென்ஷனே வேண்டாம்” என்று உரிமையாளர் சபதம் எடுப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான். ஸ்கேனர் கசிவின் விளைவைத்தான் சொன்னது, கசியும் இடத்தைச் சொல்லவில்லை.

இடம் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். இரவு காரைச் சமதரையில் நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டின் விளிம்புவரை டேப் வைத்து அளந்து எழுதி வையுங்கள். காலையில் காரைத் திறக்காமல், ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த மூலையின் பெல்லோஸையோ அதற்குப் போகும் குழாயையோ இணைப்பையோ பாருங்கள். பல மூலைகள் சேர்ந்து இறங்கியிருந்தால் வால்வு பிளாக்கின் மீது சந்தேகப்படலாம். அப்புறம் சோப்புத் தண்ணீர். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மடிப்பில் இருக்கும் வெடிப்பு கார் ஓர் உயரத்தில் நிற்கும்போது திறந்திருக்கும், இன்னொரு உயரத்தில் மூடிக்கொள்ளும். ஒரே நிலையில் அடித்துப் பார்த்துவிட்டு “லீக் இல்லை” என்று சொன்னால் நம்பாதீர்கள், ஏற்றியும் இறக்கியும் பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் லட்ச ரூபாய் ஸ்ட்ரட்டைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம், ஸ்ட்ரட்டின் தலையில் இருக்கும் சின்ன இணைப்புதான் கசிந்திருக்கும்.

இன்னொரு எச்சரிக்கை. படுத்த காரெல்லாம் காற்றால் படுத்தது என்று நினைக்க வேண்டாம். பென்ஸில் ஏபிசி என்று ஒரு முறை உண்டு, 1999-இல் சிஎல் காரில் வந்தது. அதில் இருப்பது சுருள் ஸ்பிரிங்கும் எண்ணெய் அழுத்தமும். அங்கே ஒழுகுவது எண்ணெய், வைத்தியமே வேறு.

இப்போது மாற்றும் விஷயத்துக்கு வருகிறேன். மாற்றலாமா என்று கேட்பவரிடம் நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: உங்கள் மாடலைத் தயாரித்தவரே சுருள் ஸ்பிரிங்கோடும் விற்றாரா? 1989-இல் வந்த லெக்ஸஸ் எல்எஸ் 400-இல் காற்று ஸ்பிரிங் விருப்பத் தேர்வுதான். பென்ஸ் இ கிளாஸ் டபிள்யூ211-இல் சுருளும் உண்டு, ஏர்மேட்டிக்கும் உண்டு. இப்படிப்பட்ட கார்களில் கம்பெனியே வடிவமைத்த சுருளும் ஷாக் அப்சார்பரும் கிடைக்கின்றன. அந்த எடைக்கு எந்த ஸ்பிரிங் என்று ஒரு பொறியாளர் ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். அவற்றைப் பொருத்தி, காரின் கம்ப்யூட்டரிலும் “இது சுருள் ஸ்பிரிங் கார்” என்று முறையாகப் பதிந்துவிட்டால் வேலை சுத்தம். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

பழைய ரேஞ்ச் ரோவரிலும் மாற்றலாம், காரணம் வேறு. 1994 முதல் 2001 வரை வந்த பி38 மாடலில் முன்னும் பின்னும் இரு சக்கரங்களையும் இணைக்கும் முழு ஆக்சில், காற்றுப் பை தனி, ஷாக் அப்சார்பர் தனி. பையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சுருளை உட்காரவைப்பது எளிது. காட்டிலும் மேட்டிலும் ஓட்டுகிறவர்கள் மாற்றியதற்கு நியாயம் இருக்கிறது. நம் ஊர் ஆம்னி பஸ்களில் காற்று ஸ்பிரிங்கைக் கண்டு யாரும் பயப்படாததற்கும் இதுவே காரணம்: பெல்லோஸ் தனியாக இருக்கும், வெடித்தால் அதை மட்டும் மாற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

எஸ் கிளாஸ், ஆடி ஏ8 போன்றவற்றில்தான் சிக்கல். அங்கே காற்று ஸ்பிரிங்கை நம்பித்தான் காரே வடிவமைக்கப்பட்டது. முன் ஸ்ட்ரட்டில் பையும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும், ஷாக்கின் இறுக்கத்தையும் கம்ப்யூட்டரே மாற்றும். இதற்கு விற்கும் சுருள் ‘கிட்’களில் ஒரு சின்ன மின்னணுப் பெட்டி வரும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியாமல் கம்ப்யூட்டரை ஏமாற்றுவதுதான் அதன் வேலை. கார் நிற்கும், ஓடும். ஆனால் முழு ஆளோடு போனால் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் தூக்கும். பல கார்களில் ஹெட்லைட்டின் சாய்வும் அதே உயர சென்சாரைப் பார்த்துத்தான் மாறுகிறது. சென்சாரைக் கழற்றிப் போட்டால் எதிரே வருபவர் கண் கூசும். பின்சீட்டு சுகத்துக்காக வாங்கிய காரில் அந்தச் சுகத்தையே கழற்றி வைப்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இத்தகைய காருக்குச் சீரமைத்த ஸ்ட்ரட்டுகளும் வேறு நிறுவனங்கள் செய்யும் காற்று ஸ்பிரிங்குகளும் அசல் விலையைவிடக் குறைவாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கம் போனால் மறுபக்கமும் அதே வயதுதான், ஜோடியாக மாற்றுங்கள். கம்ப்ரஸர் மாற்றினால் அதற்கு மின்சாரம் கொடுத்து நிறுத்தும் சுவிட்சான ரிலேயையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய ரிலே ஒட்டிக்கொண்டால் புதுக் கம்ப்ரஸர் நிற்காமல் ஓடி எரிந்துபோகும்.

  

சட்டமும் இருக்கிறது. பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லியிருக்கிறது. எனவே மாற்றுவதற்கு முன் ஆர்டிஓ அலுவலகத்தில் விசாரியுங்கள், காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

சரிசெய்யும்வரை படுத்த காரை ஓட்டாதீர்கள், காற்றில்லாத பை சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவே நசுங்கிக் கிழிந்துவிடும். எட்டிப் பார்க்கிறேன் என்று காருக்கு அடியில் கையையோ தலையையோ விடவும் வேண்டாம். பாடிக்கு ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் மெக்கானிக்கே உள்ளே போக வேண்டும். மாற்றியே தீருவேன் என்பவர் கழற்றிய வால்வு பிளாக், சென்சார், கம்ப்ரஸர் எல்லாவற்றையும் பட்டறையிலிருந்து கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். நாளை காரை வாங்க வருபவர் முதலில் கேட்பது அதுவாகத்தான் இருக்கும். நன்றி, வணக்கம்.