ஒரே படம், பல அச்சு: சைக்கடெலிக் கச்சேரி போஸ்டர்களைச் சேகரிப்பது எப்படி?

[திரையில்: ரோஜாக் கிரீடம் சூடிய எலும்புக்கூடு]

இந்தப் படத்தை டி-ஷர்ட்டிலோ ஸ்டிக்கரிலோ பார்த்திருப்பீர்கள். கிரேட்ஃபுல் டெட் இசைக்குழு என்றாலே பலருக்கு இதுதான் நினைவுக்கு வரும். 1966 செப்டம்பர் 16, 17 தேதிகளில் சான் ஃபிரான்சிஸ்கோ அவலான் பால்ரூமில் நடந்த கச்சேரிக்காக ஸ்டான்லி மவுஸும் ஆல்டன் கெல்லியும் செய்த போஸ்டர் இது. உமர் கய்யாம் பாடல்களுக்கு எட்மண்ட் சல்லிவன் வரைந்திருந்த கறுப்பு வெள்ளை ஓவியத்தை நகர நூலகத்தில் கண்டெடுத்து, வண்ணமும் எழுத்தும் சேர்த்தார்கள். போதையில் காணும் காட்சிபோல வண்ணமும் எழுத்தும் அலைபாயும் அந்தக் காலப் பாணிக்குத்தான் சைக்கடெலிக் என்று பெயர்.

நல்ல நிலையில் இருக்கும் இதன் முதல் அச்சு ஒரு லட்சம் டாலரைத் தாண்டி ஏலம் போயிருக்கிறது. அதே படத்தின் பிந்தைய அச்சுக்கு அதில் சிறு பங்குகூடக் கிடைக்காது. சேகரிக்க வருபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான்.

[திரையில்: 1966, சான் ஃபிரான்சிஸ்கோ தெரு]

அந்த நகரத்தில் அப்போது இரண்டு அரங்குகளுக்குள் போட்டி. ஃபில்மோர் அரங்கில் பில் கிரஹாம் கச்சேரி நடத்தினார். அவலானில் செட் ஹெல்ம்ஸின் ஃபேமிலி டாக் என்ற நிறுவனம் நடத்தியது. ஏறக்குறைய ஒவ்வொரு வார இறுதிக்கும் ஒரு போஸ்டர். கிரஹாம் தானே தெருத் தெருவாகப் போய் ஒட்டுவார். திரும்பி வருவதற்குள் பாதி போஸ்டர்களை யாராவது கழற்றிக்கொண்டு போயிருப்பார்கள்! மக்கள் இதை விளம்பரமாகப் பார்க்கவில்லை, வீட்டில் மாட்ட ஆசைப்பட்டார்கள். அது தெரிந்ததும் கச்சேரி முடிந்த பிறகும் மறுபடி அச்சடித்து விற்க ஆரம்பித்தார்கள். ஆகவே மறு அச்சு எல்லாம் கள்ள அச்சு இல்லை. பல அச்சுகளை அந்த நிறுவனங்களே போட்டன.

ஆசைப்படும்படி அந்தப் போஸ்டர்களில் என்ன இருந்தது? வெஸ் வில்சனிலிருந்து தொடங்கலாம். வியன்னா ஓவியர் ஆல்ஃபிரட் ரோலரின் எழுத்து வடிவத்தை எடுத்து, அதை உருக்கி வளைத்து இடைவெளி முழுவதையும் நிரப்பினார். 1966 ஜூலையில் 'தி அசோசியேஷன்' குழுவுக்கு அவர் செய்த போஸ்டரில் பச்சைப் பின்னணியில் சிவப்பு எழுத்துகள் தீயாக எரியும். யார் பாடுகிறார்கள், எந்தத் தேதி என்று தெரிய வேண்டுமானால் நின்று படித்தே ஆக வேண்டும். விளம்பரத்துக்கு இது ஆகாது என்று எந்த ஏஜென்சியும் சொல்லியிருக்கும். ஆனால் நின்று படித்தவர்தானே கழற்றிக்கொண்டும் போனார்!

விக்டர் மொஸ்கோசோ இன்னொரு பக்கம் போனார். யேல் பல்கலைக்கழகத்தில் ஜோசப் ஆல்பர்ஸிடம் வண்ணம் படித்தவர் அவர். சிவப்பும் பச்சையும் போல எதிரெதிர் வண்ணங்களை ஒரே அடர்த்தியில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பார். இரண்டில் எது முன்னால் என்று கண்ணுக்குத் தீர்மானிக்க முடியாது, ஓரங்கள் அதிர ஆரம்பிக்கும். அவருடைய 'நியான் ரோஸ்' போஸ்டர் வரிசையை நேரில் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். இந்த அதிர்வைத் திரையில் முழுதாகக் காட்ட முடியாது.

[திரையில்: லூப் வழியாகத் தெரியும் அச்சு]

சரி, அசல் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சின்னக் கண்ணாடி, லூப், ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். அந்தக் காலப் போஸ்டர்களில் பெரும்பாலும் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி மை கலந்து ஆஃப்செட்டில் ஓட்டினார்கள். அதனால் ஆரஞ்சு நிறப் பரப்பை லூப்பில் பார்த்தால் புள்ளியே இல்லாமல் ஒரே ஆரஞ்சாக இருக்கும். யாரோ ஸ்கேன் செய்து அச்சடித்த நகலில் அதே ஆரஞ்சு மஞ்சளும் ரோஸுமான குட்டிப் புள்ளிகளாகப் பிரிந்துவிடும். எழுத்தின் ஓரமும் கூர்மையாக இருக்காது. ஒன்றைக் கவனியுங்கள்: புகைப்படம் சேர்த்த போஸ்டரில் அந்தப் பகுதியில் அசலிலும் புள்ளி இருக்கும். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

லூப் நகலைத்தான் காட்டிக்கொடுக்கும். அதே அச்சுத் தகட்டில் ஓட்டிய இரண்டாவது அச்சை அது காட்டாது. அங்கே காகிதத்தைப் பார்க்க வேண்டும். தடிமன், வழவழப்பு, நீள அகலத்தில் சில மில்லிமீட்டர் வித்தியாசம், அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அச்சக வரி, வரிசை எண். ஃபில்மோர் போஸ்டர்களை, பில் கிரஹாம் பெயரைச் சுருக்கி, பிஜி என்றும் ஃபேமிலி டாக் போஸ்டர்களை எஃப்டி என்றும் எண்ணிட்டுச் சொல்வது வழக்கம். எலும்புக்கூடு, எஃப்டி-26. ரிக் கிரிஃபின் 1968 பிப்ரவரியில் கிட்டார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் கச்சேரிக்காக வரைந்த பறக்கும் கண் விழி, பிஜி-105. கூடவே ஓபி என்றிருந்தால் முதல் அச்சு, ஆர்பி என்றால் மறு அச்சு. எந்த அச்சு என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால், மறு அச்சுக்கான விலையைத்தான் கொடுக்க வேண்டும். ஓரத்தை வெட்டிய போஸ்டரைத் தவிர்த்துவிடுங்கள். வெட்டியதோடு அளவும் அச்சக வரியும் போயிருக்கும்.

[திரையில்: மூலையில் ஸ்டேப்ளர் ஓட்டைகள்]

ஸ்டேப்ளர் ஓட்டை இருந்தால் ஏலத்தில் விலை இறங்கும். எனக்கு அந்த ஓட்டைகள் பிடிக்கும். தெருவில் தொங்குவதற்காகப் பிறந்த காகிதம் இது. பெட்டியைவிட்டு வெளியே வராத பிரதியைவிட, மூலையில் நாலு ஓட்டையோடு இருக்கும் முதல் அச்சுக்கே என் ஓட்டு. ஆனால் சூடுபோட்டு அட்டையில் ஒட்டியது, லாமினேஷன் செய்தது இரண்டையும் தொடாதீர்கள். அதைச் சரிசெய்வது பெரும் பாடு.

புதிதாகத் தொடங்குபவர் எஃப்டி-26-ஐத் துரத்த வேண்டியதில்லை. 1967-இல் வில்சன் விலகிய பிறகு ஃபில்மோருக்கு வரைந்த பானி மெக்லீனைப் பாருங்கள். அமைதியான நீள முகங்கள், மயிலிறகுக் கண்கள். அப்புறம் லீ காங்க்லின்: கையும் முகமும் எழுத்தும் ஒன்றுக்குள் ஒன்றாக முளைத்து நிற்கும். பெரிய பெயர்களின் விலை இவர்களுக்கு இன்னும் வரவில்லை, தரத்தில் எந்தக் குறையும் இல்லை. அதுவும் கைக்கு எட்டாவிட்டால், அதே படங்களை அஞ்சலட்டை அளவில் அச்சடித்து அந்தக் காலத்திலேயே தபாலில் அனுப்பினார்கள். அவற்றிலிருந்து தொடங்கலாம்.

வாங்கியதைச் சுவரில் மாட்டுவதானால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, அமிலமில்லாத அட்டை, ஜன்னல் வெயில் படாத சுவர். காகிதம் கண்ணாடியில் ஒட்டாதபடி நடுவில் சிறிது இடைவெளி விடச் சொல்லுங்கள். செலோடேப் வேண்டவே வேண்டாம்.