ஸ்டார்ச் நானோ துகள்: அமிலமா, எத்தனாலா?

வணக்கம் மக்களே. ஸ்டார்ச் நானோ துகள், அதாவது மாவுச்சத்தின் நானோமீட்டர் அளவுத் துகள், என்று தேடினால், எந்த முறையில் செய்தாலும் ஒரே பொருள்தான் கிடைக்கும் என்பது போல எழுதியிருப்பார்கள். அதை நம்பி வேலையில் இறங்காதீர்கள்.

ஒரு ஸ்டார்ச் மணிக்குள் (செடியில் மாவுச்சத்து சேர்ந்திருக்கும் நுண்ணிய குருணை) படிக அடுக்கும் ஒழுங்கில்லாத அடுக்கும் மாறி மாறி இருக்கும். நீர்த்த கந்தக அமிலத்தில் போட்டால் ஒழுங்கில்லாத பகுதி முதலில் கரையும், படிகம் தாக்குப்பிடிக்கும். இது 1874-லேயே நேகெலி என்ற ஆய்வாளர் செய்து பார்த்த வேலைதான். இப்போது பலரும் பின்பற்றுவது வாக்ஸி (கிளைத்த ஸ்டார்ச் மூலக்கூறுகளே நிறைந்த ரகம்) மக்காச்சோள ஸ்டார்ச், 3.16 மோலார் செறிவுள்ள அமிலம், 40 டிகிரி, 5 நாள். கடைசியில் கைக்கு வருவது சுமார் 15 சதவீதம்! மீதியெல்லாம் சர்க்கரையாகக் கரைந்து போய்விடும். அதற்கப்புறம் அமிலம் போகும்வரை சென்ட்ரிஃப்யூஜில் (வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் கருவி) கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். கிடைப்பவை சில நானோமீட்டர் தடிமனுள்ள தட்டைப் படிகங்கள். ரப்பருக்கோ பேக்கிங் ஃபிலிமுக்கோ வலு சேர்க்க இவைதான் வேண்டும். அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யாதீர்கள்.

இன்னொரு வழி, கரைத்துவிட்டுத் திரும்பத் திரள வைப்பது. ஸ்டார்ச்சைத் தண்ணீரில் நீர்க்கக் கலந்து, கஞ்சி தெளியும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, கலக்கிக்கொண்டே எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றுமே தெரியாது. அப்புறம் லேசான நீலம் கலந்த வெண்மை படரும். அவசரப்பட்டு மொத்தமாக ஊற்றினால் அடியில் கட்டிகள்தான் உட்காரும். சூடாக்கியபோதே மணியின் பழைய படிக அமைப்பு போய்விடுவதால் இவற்றைப் படிகங்கள் என்று சொல்லக் கூடாது. ஆனால் மஞ்சளின் குர்குமின் மாதிரி ஒன்றை உள்ளே ஏற்ற இது வசதி. சாதாரண லேபில் தொடங்குபவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

அல்ட்ராசோனிக் முறையில், அதாவது காதுக்குக் கேட்காத ஒலி அதிர்வால் உடைக்கும் முறையில், அமிலமும் இல்லை, கழுவலும் இல்லை. ஆனால் அதிர்வு படிகத்தையும் சேர்த்தே உடைக்கும்.

எந்த வழியாக இருந்தாலும் சரி, ஈரத்தோடு ஓவனில் வைத்துக் காயவைக்காதீர்கள், துகள்கள் ஒட்டி இறுகிவிடும். ஃப்ரீஸ் டிரையர் (உறையவைத்து உலர்த்தும் கருவி) நல்லது, அதிலும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். அதனால் யாராவது துகள் அளவைச் சொன்னால் எதில் அளந்தது என்று கேளுங்கள். ஒளிச்சிதறல் கருவி ஒட்டிக்கிடக்கும் கொத்தையே ஒரு துகளாகக் கணக்கிட்டுவிடும், எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் தனித்தனியாகப் பார்க்கலாம்.