முதலில் கை, அப்புறம் கிலோ

வணக்கம் நேயர்களே. சின்னப் பிள்ளைகளுக்கு எடையும் கொள்ளளவும் எப்படிச் சொல்லித் தருவது என்று பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிறவள். மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் 1 கிலோ 1000 கிராம், 1 லிட்டர் 1000 மில்லி என்று மூச்சு விடாமல் ஒப்பிக்கும். சரி, அதே பிள்ளையின் கையில் ஒரு தக்காளியைக் கொடுத்து இது எவ்வளவு இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று ஐந்து கிலோ என்னும், இன்னொன்று இரண்டு கிராம் என்னும். வாய்ப்பாடு தெரிகிறது, கனம் தெரியவில்லை. பாடத்தைப் பின்னாலிருந்து தொடங்குகிறோம் என்பதுதான் என் கட்சி.

முன்பெல்லாம் மளிகைக் கடையில் தட்டுத் தராசு தொங்கும். கடைக்காரர் ஒரு பக்கம் கல்லை வைத்து, மறுபக்கம் பருப்பைக் கொட்டி, இன்னும் ஒரு பிடி போட, தட்டு மெதுவாக இறங்கி முள் நடுவில் வந்து நிற்கும். பக்கத்தில் நிற்கிற பிள்ளை அதை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது எல்லாக் கடையிலும் எலக்ட்ரானிக் தராசு. அதைக் குறை சொல்லவில்லை, கணக்கு சுத்தமாக இருக்கிறது, வேலையும் சீக்கிரம் முடிகிறது. ஆனால் பிள்ளை பார்ப்பது சிவப்பாக எரிகிற நாலு எண்ணைத்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சமமாவதை அது பார்ப்பதே இல்லை.

அதனால் முதலில் கிலோவும் வேண்டாம், கிராமும் வேண்டாம். ஒரு பெரிய பொரிப் பொட்டலத்தையும் ஒரு சின்னப் புளி உருண்டையையும் எதிரில் வைத்து, எது கனம் என்று தொடாமல் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றாம் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் பொரி என்றுதான் கத்துவார்கள், பெரிதாக இருக்கிறதே! அப்புறம் ஒரு கையில் அது, ஒரு கையில் இது. புளி இருக்கிற கை தானாகவே கீழே இறங்கும், முகத்தில் ஒரு திகைப்பு வரும். பெரிதாக இருப்பது வேறு, கனமாக இருப்பது வேறு என்று நாம் வாய் திறந்து சொல்லவே தேவையில்லை.

கை சொல்வதில் சந்தேகம் வரும்போது தராசு வேண்டும். துணி மாட்டுகிற ஹேங்கர் ஒன்று, ஒரே அளவில் இரண்டு கொட்டாங்குச்சி, கொஞ்சம் நூல், இவ்வளவுதான் செலவு. கொட்டாங்குச்சியில் மூன்று துளை போட்டு நூல் கட்டி ஹேங்கரின் இரண்டு முனையிலும் தொங்கவிட்டு, கதவுக் கொக்கியில் மாட்டுங்கள். உள்ளே ஒன்றும் போடாமலேயே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், ஏனென்றால் எந்த இரண்டு கொட்டாங்குச்சியும் ஒரே கனத்தில் இருப்பதில்லை. அவசரப்பட்டு நீங்கள் சரிசெய்து கொடுத்துவிடாதீர்கள். சும்மா இருந்தால் யாராவது ஒரு வாண்டு மேலே ஏறியிருக்கிற கொட்டாங்குச்சியின் அடியில் ஈரமண்ணை அப்பும், பத்தாது என்று இன்னும் கொஞ்சம் அப்பும், அதிகமானால் கிள்ளி எடுக்கும். அளக்கும் முன் தராசு நேராக நிற்க வேண்டும் என்ற பாடம் அங்கேயே முடிந்துவிடும்.

இனி ஒரு எலுமிச்சம்பழத்துக்கு எத்தனை புளியங்கொட்டை என்று எண்ணச் சொல்லலாம். நம் ஊரில் புளியங்கொட்டைக்கா பஞ்சம்? ஒரு கூட்டம் ஒரு எண் சொல்லும், அடுத்த கூட்டம் அதே பழத்துக்கு வேறு எண் சொல்லும், உன் கொட்டை பெரிசு என் கொட்டை சிறிசு என்று சண்டை மூளும். அந்தச் சண்டை நடக்கட்டும். எல்லாருக்கும் ஒரே கல் வேண்டும் என்று யாராவது கேட்கிற வரைக்கும் எடைக்கல்லை வெளியே எடுக்காதீர்கள். நம் பெரியவர்கள் போட்ட சண்டையும் இதுதானே, தானியம் அளக்கிற இந்த ஊர் வள்ளம் அந்த ஊர் வள்ளத்துக்கு ஒத்துவராது, நிறுக்கிறதுக்கு வீசை ஒரு பக்கம், சேர் ஒரு பக்கம் என்று இருந்ததை 1956இல் சட்டம் போட்டு, 1958இலிருந்து படிப்படியாகக் கிலோவுக்கும் லிட்டருக்கும் கொண்டுவந்தார்கள்.

இரும்பு எடைக்கல் கிடைத்தால் அதைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அடியில் ஒரு குழி, அதில் ஈயம், ஈயத்தின் மேல் அரசாங்க முத்திரை குத்தியிருக்கும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் சோதித்துப் பார்த்துப் போடுகிற முத்திரை அது. கல்லை எத்தனையோ முறை பார்த்த பிள்ளைகளும் அடிப்பக்கத்தைப் பார்த்திருக்க மாட்டார்கள். பிறகு ஒரு புதிர் போடுங்கள், 500 கிராம் கல்லும் 200 கிராம் கல்லும் மட்டும் இருக்கிறது, 300 கிராம் கடலை நிறுக்க வேண்டும். கொஞ்ச நேரம் முழிப்பார்கள். பொருள் இருக்கிற தட்டிலேயே 200ஐ வைக்கலாம் என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றுகிற நேரம் இருக்கிறதே, அதற்காகவே இந்த வேலைக்கு வரலாம்.

கிராம் எவ்வளவு சின்னது என்று காட்ட நம் பக்கத்தில் பட்டுக்கூட்டை விட நல்ல பொருள் கிடையாது. ஒரு கூடு ஒன்றரை, இரண்டு கிராம் வரும். கிலோவுக்கு ஐந்நூறு, அறுநூறு கூடு பிடிக்கும். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு அப்பாவோடு போய்வந்த பிள்ளை வகுப்பில் இருந்தால் அன்றைக்கு அதுதான் வாத்தியார்.

படியை மறந்துவிட வேண்டாம். பல வீடுகளில் பாட்டி இன்றைக்கும் படியில்தான் ராகி அளக்கிறார். ஆனால் படி அளப்பது இடத்தை, கனத்தை அல்ல. ஒரு படி ராகியை நிறுத்துப் பாருங்கள், அதே படியில் ராகி மாவைத் தளர்வாகக் கொட்டி நிறுத்துப் பாருங்கள், மாவு குறையும். ஏன் என்று கேட்டால் உடனே பதில் வராது. படியைத் தரையில் நாலு தட்டு தட்டினால் மாவு உள்ளே இறங்கும், அப்போது இடையில் காற்று இருந்தது புரியும். படியில் வாங்கும்போது தட்டி அளக்கச் சொல்லி அம்மாக்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்பதும் கூடவே புரிந்துவிடும்!

இனி தண்ணீர். ஒரு சொம்புத் தண்ணீரை ஒல்லியான உயர பாட்டிலில் ஊற்றினால் அதிகமாகிவிட்டது என்றும், அதையே அகலமான தட்டில் ஊற்றினால் குறைந்துவிட்டது என்றும் ஐந்து வயதுப் பிள்ளை சத்தியம் செய்யும். சுவிட்சர்லாந்துக்காரர் ழான் பியாஜே என்ற உளவியலாளர் இதைப் போன நூற்றாண்டிலேயே கவனித்து எழுதினார். ஏழு வயது வாக்கில்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது தெளியும். அதனால் அண்ணன் டம்ளரில்தான் பால் அதிகம் என்று சின்னது அழுதால் அடம் என்று திட்டாதீர்கள், அதன் கண்ணுக்கு உண்மையிலேயே அப்படித்தான் தெரிகிறது. இரண்டும் ஒன்றுதான் என்று நூறு முறை சொல்வதற்குப் பதில், திரும்பச் சொம்பில் ஊற்றிக் காட்டுங்கள். இன்றைக்கு நம்பாவிட்டால் அடுத்த மாதம் நம்பும்.

மில்லி லிட்டருக்குப் பெரிய கருவி ஒன்றும் வேண்டாம், காய்ச்சல் மருந்து பாட்டிலின் மேல் வருகிற சின்ன மூடி போதும், அதில் 5, 10 என்று கோடு இருக்கும். வாய்ப்பக்கம் வெட்டிய பிளாஸ்டிக் பாட்டிலின் வெளியே காகிதப் பட்டை ஒட்டி, பத்து மில்லி மூடியால் பத்துத் தடவை ஊற்றினால் 100 மில்லி, அங்கே ஒரு கோடு. பாட்டிலைச் சமதரையில் வைத்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராகக் கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும், நின்றபடி குனிந்து பார்த்தால் கோடு தப்பிவிடும். இடுப்பு ஒடுங்கிய பாட்டிலாக இருந்தால் இன்னும் நல்லது. ஒடுங்கின இடத்தில் மட்டும் கோடுகள் தள்ளித் தள்ளி விழும், டீச்சர் தப்பாகப் போட்டுவிட்டோம் என்று ஓடிவருவார்கள். தப்பில்லை, ஏன் தள்ளி விழுகிறது என்று அவர்களையே யோசிக்கவிடுங்கள்.

இது விளையாட்டுக் காரியம் இல்லை என்று ஒரு இடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட்டில் 20.5 கிராம் இருக்கும், அது 1 லிட்டர் தண்ணீருக்கு. அதை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால் உப்பு அதிகமாகிக் குழந்தைக்குக் கெடுதல்தான். 200 மில்லிக்கான சின்ன பாக்கெட்டும் கடையில் விற்கிறது, எது எதற்கு என்று மேலே படித்துப் பார்த்துக் கரைக்க வேண்டும். மருந்தும் அப்படியே, வீட்டுக் கரண்டி ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, மூடியிலோ கூட வருகிற அளவுக் கோப்பையிலோதான் ஊற்ற வேண்டும்.

மூன்றாம் வகுப்பு தாண்டியதும் இரண்டையும் சேர்க்கலாம். 1 லிட்டர் தண்ணீர் கிட்டத்தட்ட 1 கிலோ. இது தற்செயல் இல்லை, 1795இல் பிரான்ஸில் கிராமை வகுத்தபோதே தண்ணீரை வைத்துத்தான் வகுத்தார்கள். அப்படியானால் 1 லிட்டர் எண்ணெயும் 1 கிலோவா? எண்ணெய் பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள், 1 லிட்டர் என்று போட்டுப் பக்கத்திலேயே 910 கிராம் என்று அச்சடித்திருப்பார்கள். பால் மறுபக்கம், 1 லிட்டர் ஏறத்தாழ 1 கிலோ 30 கிராம் வரும். சொசைட்டியில் பால் ஊற்றுகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு இது காசு விஷயம், காது கொடுத்துக் கேட்பார்கள். பள்ளியிலேயே சத்துணவுக் கூடம் இருக்கிறது, தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு ஆளுக்கு 100 கிராம் அரிசி கணக்கு, இன்றைக்கு 43 பேர் வந்திருந்தால் எவ்வளவு அரிசி போட வேண்டும் என்று வருகைப் பதிவு முடிந்ததும் கேளுங்கள். பாடப்புத்தகக் கணக்கை விடச் சீக்கிரம் பதில் வரும், பசி சம்பந்தப்பட்டது இல்லையா.

ஐந்தாம் வகுப்புக்கு வந்துவிட்டால் ரேடியோச் செய்தியையே பாடமாக்கலாம். ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து வினாடிக்கு 10,000 கன அடி என்று வாசிக்கிறார்கள், மழைக்காலத்தில் தினமும் கேட்கிறோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு அடி உள்ள அட்டைப்பெட்டியைப் பிள்ளைகளே ஸ்கேல் வைத்து ஒட்டட்டும், அதுதான் ஒரு கன அடி. அதில் 28 லிட்டர் சொச்சம் தண்ணீர் பிடிக்கும், ஒன்றரை வாட்டர் கேனுக்குக் கொஞ்சம் குறைவு. 10,000 கன அடி என்றால் வினாடிக்கு 2 லட்சத்து 83 ஆயிரம் லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு வினாடிக்கும் எத்தனை லாரி ஓடுகிறது என்று வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், 23 தாண்டும். கேட்டுக்கொண்டிருக்கிற பெற்றோரும் ஒருமுறை வகுத்துப் பார்க்கலாம். நன்றி, வணக்கம்.