தங்கம் தோண்டியவர்கள் தங்கிய இடம்

அவையில் உள்ள பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் ஊரில் ஒருவர் "வாருங்கள், ஹோட்டலுக்குப் போகலாம்" என்று கூப்பிட்டால் நமக்கு நெய் ரோஸ்ட் நினைவுக்கு வரும். படுக்க இடம் தேடுகிறவர் லாட்ஜ் எங்கே என்று கேட்பார். ஆஸ்திரேலியாவுக்குப் போகும் தமிழருக்கு முதல் குழப்பம் இந்தச் சொல்லில்தான். தெருமுனைப் பழங்கட்டடத்தில் கொட்டை எழுத்தில் 'ஹோட்டல்' என்று எழுதியிருக்கும். உள்ளே போனால் இட்லியும் இருக்காது, பல இடங்களில் இப்போது படுக்கையும் கிடையாது. பீர் குடித்துக்கொண்டு நாலு பேர் நிற்பார்கள்.

இதற்குக் காரணம் பழைய உரிமச் சட்டம். அங்கே மது விற்க உரிமம் வேண்டுமென்றால் வழிப்போக்கர் தங்க அறையும் இருக்க வேண்டும். பட்டை சாராயம் விற்கத் துடித்தவன், சட்டத்துக்காக நாலு கட்டிலையும் போட்டு வைத்தான். விருந்தோம்பல் அங்கே சாராயத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. நம் சத்திரங்கள் புண்ணியத்துக்காகக் கட்டப்பட்டவை. இவை லைசென்ஸுக்காகக் கட்டப்பட்டவை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் இன்று நான் சொல்லப்போகும் ஊரின் கதை விளங்கிவிடும்.

ஊரின் பெயர் பல்லாரட். அன்றைய விக்டோரியா காலனியில், இன்றைய விக்டோரியா மாநிலத்தில், மெல்போர்னுக்கு மேற்கே இருக்கிறது. 1851 ஆகஸ்டில் அங்கே தங்கம் கிடைத்தது. அதுவரை ஆடு மேய்ந்த மேட்டில் சில மாதங்களுக்குள் கூடாரங்கள் முளைத்துவிட்டன. மண்ணைத் தோண்ட ஒவ்வொருவரும் மாதம் 30 ஷில்லிங் கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். தங்கம் கிடைத்தாலும் கட்ட வேண்டும், கிடைக்காவிட்டாலும் கட்ட வேண்டும். போலீஸார் அடிக்கடி 'சீட்டு வேட்டை'க்கு வருவார்கள். சீட்டு இல்லாதவனைக் கைது செய்து இழுத்துப் போவார்கள்.

தோண்டும் நிலத்தில் முதலில் மது விற்பனைக்கே தடை இருந்தது. தடை போட்டால் என்ன நடக்கும் என்று தமிழ்நாட்டில் யாருக்கும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. வெளியே எலுமிச்சைச் சாறு, உள்ளே பிராந்தி என்று கள்ளச் சாராயக் கூடாரங்கள் பெருகின. பிடித்துக் கொடுப்பவருக்கு அபராதத்தில் பாதி. ஆகவே போலீஸாருக்கு அது நல்ல வருமானம். மேட்டுப் பகுதியில் அரசு முகாம் இருந்த பக்கம், தாமஸ் பாத் என்பவர் 1853இல் உரிமம் பெற்ற முதல் விடுதியைத் திறந்தார். பள்ளத்தில் சேற்றில் நின்று தோண்டுகிறவர்களின் பக்கம் உரிமங்கள் வந்தது 1854இல்தான்.

அப்படி வந்தவற்றில் ஒன்று ஜேம்ஸ் பென்ட்லியின் யுரேகா ஹோட்டல். சுற்றிலும் துணிக் கூடாரங்கள். நடுவில் மாடி வைத்த மரக் கட்டடம், பின்னால் பந்து உருட்டி விளையாடும் நீளக் கொட்டகை. உரிமம் வழங்கும் மாஜிஸ்திரேட் ஜான் டியூஸுக்கும் பென்ட்லிக்கும் பணத் தொடர்பு இருந்தது. அது ஊருக்கே தெரியும்.

1854 அக்டோபர் 6ஆம் தேதி இரவு. ஜேம்ஸ் ஸ்கோபி என்ற ஸ்காட்லாந்துக்காரர் நண்பர் பீட்டர் மார்ட்டினைச் சந்தித்த மகிழ்ச்சியில் நன்றாகவே குடித்திருந்தார். நள்ளிரவு கடந்து வரும் வழியில் யுரேகா ஹோட்டலில் வெளிச்சம் தெரிந்தது. கதவைத் தட்டினார்கள். கடை மூடியாயிற்று, போ என்றார்கள். வாய்ச் சண்டை நடந்தது, ஒரு கண்ணாடி உடைந்தது. இருவரும் நடையைக் கட்டினார்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் பின்னாலேயே ஆட்கள் வந்து அடித்தார்கள். மார்ட்டின் தப்பினார். ஸ்கோபி அங்கேயே இறந்தார். விடுதிக் கதவைத் தட்டியதற்கு உயிரை விலையாகக் கொடுத்த விருந்தாளி அவர்.

விசாரணை மன்றத்தில் மூவர் உட்கார்ந்தார்கள். தலைமை அதே டியூஸ். இருவர் பென்ட்லி குற்றமற்றவர் என்றார்கள், ஒருவர் மறுத்தார். ஐந்து நாள் கழித்து, அக்டோபர் 17 அன்று, ஸ்கோபி விழுந்த இடத்துக்கு அருகே ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். கூட்டம் அமைதியாகத்தான் தொடங்கியது. யாரோ விட்ட முதல் கல் கண்ணாடியில் பட்டதும் எல்லாம் மாறியது. சமாதானம் பேச வந்த ஆணையர் ராபர்ட் ரீட் மீது முட்டைகள் பறந்தன. கொஞ்ச நேரத்தில் ஹோட்டல் தீப்பிடித்து எரிந்தது. பென்ட்லி தலையில் தொப்பிகூட இல்லாமல் குதிரை மேல் முகாமுக்குப் பறந்தார்.

அரசு பிறகு விழித்துக்கொண்டது. டியூஸ் பதவி இழந்தார். நவம்பரில் மெல்போர்னில் மறுவிசாரணை நடந்து பென்ட்லிக்கு மூன்றாண்டுச் சிறை. அவர் மனைவி கேத்தரின் விடுதலையானார். ஆனால் தீ வைத்ததாக மூன்று பேரையும் உள்ளே தள்ளினார்கள், அது கோபத்தை வளர்த்தது. தோண்டுகிறவர்கள் எதிர்த்து நின்று மரக்கட்டைகளால் ஓர் அரண் எழுப்பினார்கள். டிசம்பர் 3 விடியலில் அந்த யுரேகா அரணில் படையினர் சுட்டதில் தோண்டுகிறவர்கள் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். ஆஸ்திரேலியப் பள்ளிப் பாடங்களில் இது மக்களாட்சியின் தொடக்கம் என்று வருகிறது. அப்படியே இருக்கட்டும். அந்தக் கலவரத்துக்கு முதல் விறகு ஒரு மதுக்கடையின் பலகைதான் என்பதை மட்டும் நான் சேர்த்துச் சொல்வேன்.

இனி கேளிக்கைக்கு வருகிறேன். நாளெல்லாம் குழிக்குள் நின்றவன் இருட்டிய பின் எங்கே போவான்? ஹோட்டலுக்குத்தான். ஆகவே ஹோட்டல்காரர்கள் பக்கத்திலேயே பாட்டுக் கூடமும் நாடகக் கொட்டகையும் கட்டினார்கள். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே வியாபாரம். பெண்டிகோ ஊரின் ஷாம்ராக் விடுதியில் சார்லஸ் தாட்சர் என்ற பாடகர், அன்றைய ஊர்ச் செய்தியையே அன்றிரவு பாட்டாக்கிப் பாடுவார். சீட்டு வேட்டையில் போலீஸ் சேற்றில் விழுந்தால் இரவில் அது பாட்டு. நம் ஊர்த் திருவிழாவில் கோமாளி உள்ளூர்ப் புள்ளிகளை இழுத்துப் பாடுவானே, அதே வேலை.

பல்லாரட்டில் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஹோட்டலை ஒட்டி விக்டோரியா தியேட்டர் எழுந்தது. 1856 பிப்ரவரியில் அதன் மேடைக்கு வந்தவர் லோலா மான்டெஸ். ஸ்பெயின் நாட்டு ஆடலழகி என்று விளம்பரம். உண்மையில் அயர்லாந்தில் பிறந்த எலைசா கில்பர்ட். பவேரியா மன்னர் முதலாம் லுட்விக் இவரிடம் மயங்கி, 1848இல் முடியையே துறக்கும் நிலைக்கு வந்தார். நம் சென்னைக்கும் இவர் கதையில் ஓர் ஓரம் உண்டு. ராணுவ அதிகாரியின் மனைவியாக இந்தியாவில் இருந்தவர் கல்கத்தாவிலிருந்து கப்பலில் திரும்பும்போது, சென்னைத் துறையில் லெனக்ஸ் என்ற இளம் அதிகாரி ஏறினார். சென்னை ஆளுநரின் மெய்க்காவல் அலுவலர் அவர். லண்டன் போய்ச் சேர்வதற்குள் மண வாழ்க்கை முறிந்துவிட்டது.

லோலாவின் புகழ் பெற்ற ஆட்டம் சிலந்தி நடனம். பாவாடை மடிப்புகளில் சிலந்தி புகுந்துவிட்டது போல் துள்ளித் துள்ளி உதற வேண்டும். எதற்கு அந்தக் கூட்டம் வந்தது என்று நான் விளக்க வேண்டாம். பல்லாரட் டைம்ஸ் ஆசிரியர் ஹென்றி சீகாம்ப் மட்டும் லோலாவின் ஒழுக்கத்தைக் கிழித்து எழுதினார். யுரேகாவுக்காக அரசை எதிர்த்து எழுதிச் சிறை சென்ற அதே சீகாம்ப். லோலா மேடையிலேயே அவருக்குப் பதில் கொடுத்தார். அதோடு விடாமல் சவுக்கை எடுத்துக்கொண்டு யுனைடெட் ஸ்டேட்ஸ் ஹோட்டலுக்குள் இருந்த ஆசிரியரைத் தேடிப் போனார். முதல் அடி லோலாவுடையது. சீகாம்ப் கையிலும் சவுக்கு இருந்தது. பிறகு இருவரும் சவுக்கை விட்டுத் தலைமயிரைப் பற்றிக்கொண்டார்கள். டிக்கெட் இல்லாமல் நடந்த அந்தக் காட்சியை நின்று பார்த்தவர்கள் யாரும் நல்லவேளையாகக் கற்களைக் கையில் எடுக்கவில்லை. எனக்கு இதில் சீகாம்ப் மீதுதான் இரக்கம். அரசின் சிறையைத் தாங்கியவர், ஊர்ச் சிரிப்பைத் தாங்க வேண்டியதாயிற்று.

காலம் போகப் போக நாடகம் மதுக்கடையை விட்டு வெளியேறியது. 1875இல் லிடியர்ட் தெருவில் தனிக் கலையரங்கமே வந்தது, இன்றும் இயங்குகிறது. தாமஸ் பாத்தின் விடுதி 1857இல் வால்டர் கிரெய்க் கைக்குப் போனது. 1867இல் விக்டோரியா அரசியின் மகன் ஆல்பிரட் இளவரசர் அங்கே தங்கினார்.

கிரெய்க்குக்குக் குதிரைப் பந்தயத்தில் பைத்தியம். அவருடைய குதிரையின் பெயர் நிம்பிள்ஃபுட். 1870இல் ஒருநாள் அவர் ஒரு கனவு கண்டதாகச் சொன்னார். மெல்போர்ன் கோப்பையில் தன் குதிரை முதலாவதாக வருகிறது, ஆனால் ஓட்டும் பையனின் கையில் கறுப்புப் பட்டை கட்டியிருக்கிறது என்றார். அதைத் தன் சாவுச் செய்தி என்றே எடுத்துக்கொண்டார். ஆகஸ்டில் இறந்தார். நவம்பரில் நிம்பிள்ஃபுட் ஜெயித்தது. ஓட்டிய சிறுவன் ஜானி டே, விடுதிக்காரருக்காகக் கையில் கறுப்புப் பட்டை கட்டியிருந்தான்.

பென்ட்லி அப்போதும் உயிரோடுதான் இருந்தார். 1873இல் அபினி மருந்தைக் குடித்துத் தன்னை மாய்த்துக்கொண்டார்.