உடன் வேலை செய்பவர்களிடையே ஒட்டுதல் வளர என்ன செய்வது?

வணக்கம். இன்றைய சந்தேகங்களில் முதலாவதாக, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி அனுப்பியுள்ள கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அவர் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் செயலாளர். சங்க அலுவலகத்திலும் அதன் நியாயவிலைக் கடைகளிலும் சேர்த்து ஒன்பது பேர் வேலை செய்கிறார்கள். "எங்களுக்குள் சண்டை சச்சரவு கிடையாது, ஆனால் ஒட்டுதலும் கிடையாது. ஆயுத பூஜையைச் சிறப்பாகக் கொண்டாடுகிறோம், சென்ற ஆண்டு ஏற்காட்டுக்குச் சுற்றுலாவும் போய் வந்தோம், திரும்பி வந்த மறுநாளே பழையபடி அவரவர் மேசை, அவரவர் வேலை என்று ஆகிவிட்டது. கஜா புயலின்போது ஒரே குடும்பமாக நின்றவர்கள் இப்போது ஏன் இப்படி இருக்கிறோம்?" என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, நீங்கள் கடைசியாகக் கேட்டதிலிருந்தே தொடங்குகிறேன். 2018 நவம்பர் 16ஆம் தேதி அதிகாலையில் கஜா கரையைக் கடந்த பிறகு, தென்னையும் மின்கம்பமும் சாய்ந்து கிடந்த அந்த நாட்களில், நம் பகுதியில் எந்த அலுவலகத்திலும் யார் எழுத்தர், யார் விற்பனையாளர், யார் காவலர் என்ற பிரிவு இருந்ததில்லை. மின்சாரம் இல்லாத கடையில் ஒருவர் அரிசி நிறுத்துக்கொடுக்க, இன்னொருவர் குடும்ப அட்டையைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுத, மற்றொருவர் வரிசையில் நின்ற முதியவர்களை முன்னால் அனுப்பிக்கொண்டிருந்தார். உங்கள் சங்கத்திலும் ஏறக்குறைய இப்படித்தான் நடந்திருக்கும். அன்றைக்கு ஒருவர் இல்லாமல் மற்றவரால் அரைமணி நேரம்கூட வேலையை நகர்த்த முடியவில்லை. நிலைமை சீரானதும் நகைக்கடன் ஒருவரிடமும், பயிர்க்கடன் ஒருவரிடமும், உர விற்பனை ஒருவரிடமும் திரும்பிப் போய்விட்டன. காலை பத்து மணி முதல் மாலை வரை ஒருவரை ஒருவர் எதற்கும் நாட வேண்டிய தேவையே இல்லாதபடி வேலை பிரிக்கப்பட்டுவிட்டால், ஒட்டுதல் எங்கிருந்து வரும்? உங்கள் ஆட்களின் மனம் மாறிவிட்டது என்று நான் நினைக்கவில்லை; வேலைப் பங்கீடுதான் மாறியிருக்கிறது. ஆகவே சரிசெய்ய வேண்டியதும் அதைத்தான்.

இதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. நம் வயல்களில் பெண்கள் குழுவாகச் சேர்ந்து ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு நடவுக்கு இறங்குகிறார்கள் அல்லவா? கூலியை மாலையில் சமமாகப் பிரித்துக்கொள்வதால், கை தளர்ந்து பின்தங்கும் ஒருத்தியின் வேலை எல்லோருடைய வேலையாகவும் ஆகிவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர் கேட்காமலே அவள் பங்கிலும் கொஞ்சம் நட்டுவிட்டு நகர்வார். அவர்களுக்குள் மனத்தாங்கல் இருக்காது என்று நான் சொல்லவில்லை. வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது வாக்குவாதம் வரத்தான் செய்யும். ஆனாலும் அடுத்த சம்பாவுக்கு அதே ஆட்கள்தான் சேர்ந்து வருகிறார்கள், ஏனென்றால் யார் எந்த நேரத்தில் கைகொடுப்பார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

உங்கள் சங்கத்தில் இதை எங்கே தொடங்கலாம்? என் எண்ணத்தில் சம்பா பயிர்க் காப்பீட்டுப் பதிவுதான் அதற்குப் பொருத்தமான இடம். வழக்கமாக நவம்பர் 15ஆம் தேதி கெடு என்பதால், கடைசி வாரத்தில் நில உரிமையைக் காட்டும் சிட்டா, பயிர் விவரத்தைக் காட்டும் அடங்கல், ஆதார் நகல், வங்கிப் புத்தக நகல் ஆகியவற்றுடன் விவசாயிகள் வாசல்வரை நிற்பார்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே எழுத்தர் தனியாக உட்கார்ந்து பதிவு செய்தால் என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். சர்வே எண்ணில் உட்பிரிவு விடுபடும். அல்லது பெயர் ஒத்திருக்கும் வேறொரு வருவாய்க் கிராமம் பதிவாகிவிடும். நெல்லுக்கு இழப்பீடு வருவாய்க் கிராமத்தின் விளைச்சலை வைத்து முடிவாவதால், அந்த ஒரு பிழையால் ஒரு குடும்பத்துக்கு வரவேண்டிய பணமே வராமல் போகலாம். இந்த வேலைக்கு இரண்டிரண்டு பேராக உட்காரவையுங்கள். ஒருவர் அடங்கலைப் பார்த்து உரக்கப் படிக்கட்டும், மற்றவர் பதிவு செய்யட்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளட்டும். நியாயவிலைக் கடையில் பொருள் வழங்கல் இல்லாத நாளில் விற்பனையாளரையும் இதில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊர்க்காரர்களின் பெயரும் நிலமும் எழுத்தரைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

இங்கே ஓர் ஆய்வைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏமி எட்மண்ட்சன், 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல ஒற்றுமையுள்ள குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். ஆனால் அத்தகைய குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்ததாக அதற்குப் பொருள் இல்லை. செய்த தவறை அஞ்சாமல் வெளியே சொன்னார்கள், மற்ற குழுக்களில் அவை மறைக்கப்பட்டன என்ற முடிவுக்கே அவர் வந்தார். தவறை ஒப்புக்கொண்டால் அவமானம் நேராது என்ற உறுதி ஒரு குழுவுக்குள் இருக்கிறதா என்பதை அவர் தொடர்ந்து ஆராய்ந்து, 1999இல் வெளியிட்ட கட்டுரையில் விரிவாக எழுதினார். நீங்கள் தேடும் ஒட்டுதலின் அடித்தளம் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். "மேடம், நேற்று நான் போட்ட பதிவில் ஒரு கிராமம் மாறிவிட்டது" என்று உங்கள் இளநிலை எழுத்தர் கெடுவுக்கு முந்தைய நாளே வந்து சொன்னால் அதைத் திருத்திவிடலாம். அப்படிச் சொல்ல வந்தவரை விவசாயிகள் முன்னிலையில் கடிந்துகொண்டால், அடுத்த பிழை உங்கள் மேசைக்கு வராது. இழப்பீடு வராத விவசாயி மாவட்ட ஆட்சியரின் குறைதீர் கூட்டத்தில் மனுவோடு நிற்கும்போதுதான் அது உங்களுக்குத் தெரியவரும்.

இதில் முதல் அடியை எடுத்துவைக்க வேண்டியவர் தலைமையில் இருக்கும் நீங்கள்தான். நீங்கள் உதவி கேட்காத இடத்தில் உங்களுக்குக் கீழே இருப்பவர் கேட்கத் துணிய மாட்டார். தணிக்கைக்கான அறிக்கையைத் தயாரிக்கும்போது, "இந்தக் கூட்டல் எனக்கு ஒத்துவரவில்லை, கொஞ்சம் பார்த்துக்கொடுங்கள்" என்று உதவிச் செயலாளரிடம் எல்லோர் காதிலும் விழும்படி கேளுங்கள். சரியாகப் பார்த்துக்கொடுத்தால், அதையும் எல்லோர் முன்னிலையிலும் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகவே பேசிவிடுவது நல்லது. நம் மாவட்டங்களில் பல அலுவலகங்களில் அறுபதை நெருங்கும் காவலரை இருபத்தைந்து வயது எழுத்தர் வா, போ என்று அழைப்பதையும், கூட்டம் நடக்கும்போது கடையில் பொருள்களைக் கட்டிக்கொடுக்கும் கட்டுநருக்கு மட்டும் நாற்காலி இல்லாமல் அவர் கதவோரம் நிற்பதையும், சாப்பாட்டு நேரத்தில் சிலர் மட்டும் தனியாகப் பின்கட்டுக்குப் போய்விடுவதையும் பார்க்கிறோம். இதற்குப் பின்னால் பதவி மட்டும் இல்லை, சாதியும் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இதை அப்படியே விட்டுவிட்டு ஒரே குடும்பம் என்று பேசுவதில் உண்மை இல்லை. ஒன்பது பேருக்கும் ஒன்பது நாற்காலி போடுங்கள். எல்லோரையும் மரியாதையோடு அழைக்கும் வழக்கத்தை நீங்களே தொடங்கிவையுங்கள். நூறு சுற்றுலா செய்ய முடியாததை இது செய்யும்.

ஒட்டுதல் என்றால் ஒருவர் செய்வதை மற்றவர் கண்டும் காணாமல் இருப்பதா என்ற அச்சம் கூட்டுறவுத் துறையில் இருப்பவர்களுக்கு வருவது இயல்பு. அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. நகைப் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள், இரண்டு பேரிடம் தனித்தனியாக இருக்க வேண்டும் என்பது விதி. "நமக்குள் என்ன, நீங்களே இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி ஒருவர் தம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதை நட்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாளை ஒரு பொட்டலத்தின் எடை குறைந்தால், சந்தேகம் இருவர் மீதும் விழும். இருவருக்கும் இடையில் இருந்த உறவும் அதோடு முடிந்துபோகும். சாவியைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, பெட்டகம் திறக்கும் ஒவ்வொரு முறையும் உடன் வந்து நிற்பவர்தான் நண்பரைக் காப்பாற்றுகிறார்.

பூஜையையும் சுற்றுலாவையும் நிறுத்த வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. சம்பா அறுவடை முடிந்து சற்று ஓய்வு கிடைக்கும்போது போய் வாருங்கள். ஆனால் வர விருப்பமில்லாதவரை வற்புறுத்த வேண்டாம். அதிகம் பேசாதவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு. அவர்களில் பலர் வேலையில் மிகவும் நம்பகமானவர்கள். வீட்டுச் செய்தியை அவர்களாகச் சொன்னால் பொறுமையாகக் கேளுங்கள், நீங்களாகத் துருவிக் கேட்காதீர்கள். அப்படிப்பட்ட ஒருவர் திடீரென்று இரண்டு நாள் விடுப்பு கேட்டு வந்து நின்றால், காரணத்தைக் கேட்பதற்கு முன்னால், அவருடைய கவுண்டரை அந்த இரண்டு நாளும் யார் பார்த்துக்கொள்வது என்பதை மற்றவர்களோடு பேசி அங்கேயே முடிவு செய்து, அதை அவரிடம் சொல்லி அனுப்புங்கள்.